ஒன்பதாம் நாள் விமானம்

கோட்டைக்குப்பத்து வேதாசலத்தின் விமானம் ஒன்பது நாளுக்கு ஒருமுறைதான் பறக்கும். மற்ற நாட்களில் அது ஏரியில் ஒரு முளையில் கட்டிக் கிடக்கும். நான்கு ஆள் சேர்ந்தாலும் தண்ணீரை விட்டு ஒரு விரல் உயர்த்த முடியாது. பறக்கும் நாளில் அதன் எடை ஒன்பது கிலோ. மற்ற நாட்களின் எடை தெரியாது, தராசுக்குக் கொண்டுபோக வழியில்லை.

வேதாசலம் படகு எஞ்சின் மெக்கானிக். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இடது கால் நசுங்கியதிலிருந்து அவர் வலை இறக்கவில்லை. ஏரியில் மீன்பிடி இடங்களை ஊர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவரின் பாட்டு நாள் ஒன்பது நாளுக்கு ஒருமுறை வரும்; அன்று அந்த இடத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. மூன்று வருடம் இறங்காமல் கிடந்த பாடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். பாடு இல்லாதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் வரும். ஆனால் ஊர்க் கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடாது. மூன்றாவது வருடம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, ஒரு தோட்டத்துக்காரர் தூக்கிப்போட்ட புல்வெட்டும் மெஷின் அவர் கைக்கு வந்தது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டாம். கிளட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரொப்பெல்லருக்கு அலுமினியக் கட்டை கடைந்து பொருத்தினார். கயிறு இழுத்துக் கிளப்பும் பகுதியை எடுத்தெறிந்தார். கார்புரேட்டரைத் திருப்பி வைத்தார். ஐஸ் பெட்டி தெர்மோகோலில் ஒன்பதடி இறக்கை, அடியில் இரண்டு மிதவை, ரிச்சி தெருவில் வாங்கிய ரிமோட். அவர் மனைவி ஜமுனா கேட்டாள்: "இன்னாய்யா, புல்லு வெட்டுற மெஷினை வச்சிகினு இறாலு புடிக்கப் போறியா?"

கூட்டத்தில் வேதாசலம் தயங்கவில்லை. "எஞ்சின் இருக்குது, தண்ணியில நிக்குது, சுக்கான் என் கையில இருக்குது. இது படகு இல்லாம இன்னா தலைவரே?"

தலைவர் உதயகுமார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "சரி வேதா. உன் பாட்டு அன்னிக்கு, அது மேல பறந்து எல்லைக் கோலுக்குக் கோலு மூணு சுத்து சுத்தட்டும். பாடு உன்துதான். இல்லாங்காட்டி அடுத்த ஆளுக்கு வுட்டுடு."

கொட்டகையிலிருந்து ஒரு கையால் தூக்கி வந்த விமானம், தண்ணீரில் வைத்ததும் கனத்துவிட்டது. எஞ்சின் அலறும், விமானம் படகுபோல ஓடும், எழும்பாது. அவர் கார்புரேட்டரைத் திருகினார், பிரொப்பெல்லரை மாற்றினார், ஃப்ளைவீல் துடுப்புகளை அராவி எடை குறைத்தார். பாட்டு நாள் காலையிலும், ஊர் பார்த்திருக்க, இரண்டு முறை அது அப்படியே ஓடித் திரும்பியது.

அப்போது கரையில் கோவிந்தம்மா நின்றிருந்தாள். கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவள். அவள் சனத்துக்கு ஏரியில் பாடு கிடையாது. வலைக்காரர்கள் துரத்தாத ஓரங்களில்தான் பிழைப்பு. கூடையைப் பல்லில் கவ்வியபடி, இவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று காத்திருந்தாள். வேதாசலம் அவளைப் பார்த்தார். தன்னிடம் வலை இல்லை என்பதும், அந்த இடத்து இறாலை இன்று யாரும் எடுக்கப் போவதில்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எறங்கும்மா, வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற?"

அவள் கூடையை வாயிலிருந்து எடுத்தாள். "உன் பாட்டுல நான் எறங்குனா ஊரு கேக்காதா நைனா?"

"ஊரு மேல பார்த்துகினு இருக்குது. நீ கீழ பாரு."

புண்ணியம் என்று நினைத்து அவர் சொல்லவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்தார், அவ்வளவுதான். அவள் தண்ணீரில் கால் வைத்ததும் விமானம் எழும்பியது. மூன்று சுற்று முடிந்ததும் ஊர் எண்ணுவதை நிறுத்தியது, விமானம் நிறுத்தவில்லை. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடப் பெட்ரோல் பிடிக்காத டேங்க்கோடு, காலை ஏழு மணியிலிருந்து மதியம் ஒன்றரைவரை சுற்றியது. அதன் நிழல் விழுந்த இடத்தில் இறால் கைக்கு வந்தது. கோவிந்தம்மா நிறைந்த கூடையோடு கரையேறிப் புடவையைப் பிழிந்தபோது எஞ்சின் தானாக அணைந்தது. விமானம் நாரைபோல வந்து இறங்கியது. வேதாசலம் டேங்க்கைத் திறந்து பார்த்தார். எப்போதோ காய்ந்திருந்தது.

உதயகுமார் தொண்டையைச் செருமினார். "பாடு வேதாவுதுதான்," என்றார். அந்த அம்மாள் இறங்கியதைப் பற்றி அவர் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

ஐந்து வருடமாகிறது. ஊர்ப் பட்டியலில் படகுகளின் பெயரோடு விமானமும் இருக்கிறது. ஒன்பதாம் நாளில் கோவிந்தம்மாவோடு பதினோரு பெண்கள் இறங்குகிறார்கள். கடைசிக் கூடை நிறையும்வரை விமானம் இறங்குவதில்லை. இப்போது வேறு சிலரும் தங்கள் பாட்டு நாளில் இரண்டு மணி நேரம் அந்தப் பெண்களுக்கு இடம் விடுகிறார்கள். அவர்களுடைய படகுகள் பறக்கவில்லை. அவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

போன தை மாதம் வேதாசலம் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி எடுத்துவிட்டார். சும்மா அரைக் கிலோ கனம் எதற்கு என்றார்.