தார் ரோட்டிலிருந்து எடுத்த படம்

செத்த பயிரை உழாமல் வைத்திருப்பது பிணத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது மாதிரி என்று ஊரே கேலி செய்தது. நான் காதில் வாங்கவில்லை. பொன்மணி வரும்வரை என் உளுந்து அப்படியே நிற்க வேண்டும்.

பொன்மணி சென்னையில் ஒரு பத்திரிகையில் இன்சூரன்ஸ் செய்தி எழுதுகிறவள். மழை பொய்த்து எங்கள் ஊரில் மானாவாரிக் காடெல்லாம் கருகிவிட்டது. பயிர் இன்சூரன்ஸுக்காக விளைச்சலைக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒரே ஒரு காட்டில்தான் அறுத்துப் பார்த்தார்கள். அது பண்ணைக்குட்டைத் தண்ணீர் பாய்ந்த மாடக்கண்ணு காடு. ஊரே விளைந்ததாக எழுதிவிட்டார்கள். இன்சூரன்ஸ் வராவிட்டால் சோலார் கம்பெனிக்குக் காட்டை விற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

ஏழு தடவை போன் போட்டேன். முதலில், "இது விவசாயச் செய்தி, எங்க பக்கத்துல வராது சார்" என்றாள். பிறகு, "புதுசா என்ன இருக்கு?" என்றாள். செத்த பயிரில் என்ன புதுசு வேண்டிக்கிடக்கிறது? ஏழாவது தடவைதான் இறங்கி வந்தாள்.

"காய்ஞ்சு நிக்கிற பயிரோட படம் கிடைச்சா போடலாம். உழுதுடாதீங்க."

அடுத்த வாரம் என்றவள் ஒரு மாதம் கழித்து வந்தாள். அதற்குள் தையில் மழை கொட்டித் தீர்த்தது. ஐப்பசியில் வராத சனியன்! காடு முழுக்கக் களை பச்சைப்பசேல் என்று எழுந்துவிட்டது.

ஈரக் கரிசலில் செருப்பு புதைந்ததும் பொன்மணி தார் ரோட்டுக்கே திரும்பிவிட்டாள். அங்கிருந்தே படம் எடுத்தாள்.

"எல்லாம் பச்சையா இருக்கே சார்?"

"அது பூராவும் களைம்மா. உளுந்து அடியில கெடக்கு. இருங்க, பிடுங்கிட்டு வாரேன்."

கருகிய செடிகளை அள்ளி வந்து காட்டினேன். அவள் கண் கலங்கியது. எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவள் எழுதியதில் நாலு வரிதான் மிச்சம். மேலே, ரோட்டிலிருந்து எடுத்த படம் பெரிதாக: 'தை மழையில் பச்சை போர்த்திய கரிசல்.'

"தலைப்பு ஆபீஸ்ல வச்சது சார், மன்னிச்சிடுங்க" என்று போனில் அழுதாள். அழுது என்ன செய்ய?

நான் மனு கொடுத்திருந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். மனுவோடு அந்தப் படத்தையும் கத்தரித்துப் பின் அடித்து வைத்திருந்தார்.

"சங்கரபாண்டி அண்ணாச்சி, பேப்பர்லயே போட்டிருக்கானே, ஊரு பச்சையாத்தான இருக்கு?"

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வெயிலுகந்தம்மாள் கேட்டாள்.

"இனியாவது உழுதுருவமா?"

"வேண்டாம்ட்டி. நாளைக்குச் சோலார்காரன் அளக்க வாரான். அவன் உழமாட்டான்."