குளிப்பாட்டாத தந்தி

“அதை எழுத்திலை தாங்கோ சேர்.”

இந்த ஒன்றை மட்டும் தந்திக் கந்தோரில் யாரிடமும் கேட்டுவிடாதே என்று எனக்கு வேலை எடுத்துத் தந்த மாமா சொல்லியிருந்தார். மேலதிகாரி வாயால் சொன்னதை எழுத்தில் கேட்பது அவருடைய கழுத்தில் கைவைக்கிற மாதிரியாம். அப்பாவும் தலையாட்டினார். எங்கள் பரம்பரையில் கதிரையில் இருந்து வேலை செய்கிற முதல் ஆள் நான். பட்டம் என்பது வாயை மூடிக்கொண்டு அந்தக் கதிரையில் இருப்பதற்குத்தான் என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

கேட்டுவிட்டேன். சோமசேகரம் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துடைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்து எதையோ எழுதத் தொடங்கினார்கள்.

விசயம் ஒரு தந்தி. தந்தியின் தலையில் ஒரு நேரம் இருக்கும். கொடுத்தவர் எந்தக் கந்தோரில், எப்போது கொடுத்தார் என்பது அது. வெளியூர்க் கந்தோர் தொலைபேசியில் வாசிக்க நாங்கள் எழுதிக்கொள்வோம். பிறகு ஊர்த் தபால் கந்தோருக்கு நாங்கள் வாசிப்போம். எத்தனை கை மாறினாலும் தலையில் உள்ள நேரத்தைத் தொடக்கூடாது. கைமாற்றுகிறவர் தன்னுடைய நேரத்தை அடியில்தான் போடவேண்டும். சட்டம் அது. எங்கள் பழக்கம் வேறு. கம்பி அறுந்து தந்திகள் தேங்கிக் கிடந்தால், மறுபடி இணைப்பு வருகிற அன்று பழைய நேரத்தை எடுத்துவிட்டு அன்றைய நேரத்தைத் தலையில் போட்டு அனுப்புவார்கள். பிந்தினதே தெரியாது. ஒருவரும் வந்து சண்டை பிடிக்கமாட்டார்கள். தந்தி விநியோகிக்கிற யாகோப்பு அண்ணை இதற்குக் குளிப்பாட்டுறது என்று பெயர் வைத்திருந்தார். கிழவியைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசி மணவறையிலை இருத்துறியள் பிள்ளை, என்பார். நாங்கள் சிரிப்போம்.

இன்று காலை நெல்லியடியிலிருந்து குணலட்சுமி என்று ஓர் அம்மா வந்தார். மகன் பஞ்சலிங்கத்தைச் சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கின இடத்திலேயே ஆமி பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை மதகடியில் குண்டு வைத்தவர்களில் அவனும் ஒருவனாம். அந்த நேரம் அவன் வவுனியாவில் நின்று வீட்டுக்குத் தந்தி கொடுத்திருக்கிறான். மதகோடு நெல்லியடிக் கம்பியும் போனதால் தந்தி எங்களிடம் தங்கிவிட்டது, அவன் அதை முந்திக்கொண்டு வந்துவிட்டான். அப்படி ஒரு தந்தி இருந்தால் இன்றைக்கு இருட்ட முன்னம் கொண்டுவா, நாளைக்குப் பெடியளை ஏற்றிவிடுவார்கள் என்று முகாமில் மொழிபெயர்க்கிறவன் சொல்லியிருக்கிறான். ஏற்றினால் எங்கே என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்ததாம்.

தந்தி என் மேசையில்தான் கிடந்தது, வெள்ளிக்கிழமை நான் கேட்டு எழுதினபடி. வவுனியா, வெள்ளி, காலை எட்டு இருபது. வேலை கிடைத்தது, நாளை வருகிறேன். மதகு வெடித்தது பள்ளிக்கூடங்களில் எட்டுமணித் தேவாரம் முடிந்த கையோடு, ஊருக்கே தெரியும். நான் அதைச் சேரிடம் கொண்டுபோனேன். இன்றைய நேரத்தைப் போட்டு அனுப்பச் சொன்னார். இன்றைக்கு அவன் முகாமில் இருக்கிறான். இன்றைய நேரம் போட்டால் அவனுடைய பேரில் வேறு யாரோ கொடுத்த தந்தி என்றுதான் நினைப்பார்கள், பிறகு அந்த ஆளையும் கேட்டு அடிப்பார்கள் என்றேன். சொன்னதைச் செய்யும், என்றார். அப்போதுதான் எழுத்தில் கேட்டேன்.

“உமக்கு விசரே பராசக்தி?” குரல் உயரவில்லை. “கனகசபாபதியரை என்ன கேட்டுக் கொண்டுபோனவங்கள்? ஆருக்காகத் தந்தியைப் பதுக்கி வைச்சிருந்தனி எண்டு.”

கனகசபாபதி அவருக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவர். மாரி தொடங்க முன்னம் போனவர். அவருடைய குடை இன்னும் கதவு மூலையில் சாத்திக் கிடக்கிறது. அதை எடுத்து வைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

“எனக்கு மூண்டு குமர்ப்பிள்ளையள் இருக்கு. அதை விடும். உதிலை கையெழுத்து ஆற்றை? உம்மடை. நாளைக்கு உம்மடை வீட்டுப் படலையடியிலை வந்து நிப்பாங்கள். உமக்கு ஒரு தம்பி இருக்கிறானெல்லோ?”

தம்பிக்கு இப்போதுதான் மீசை அரும்புகிறது. இரவில் நாய் குலைத்தால் சாரத்தை மடித்துக் கட்டியபடி பின்வேலிக்கு ஓடுகிறவன். சேர் சொன்னது அவ்வளவும் உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரம். பயந்தவர்கள் சொல்வதெல்லாம் இப்போது உண்மையாகவே இருக்கிறது.

இருந்து எழுதினேன். தலையில் வெள்ளி, எட்டு இருபது. எங்கள் நேரம் அடியில், இருக்கவேண்டிய இடத்தில். வழக்கமாக இரண்டு எழுத்தைக் கிறுக்குவேன்; இன்று முழுப் பெயரும் போட்டேன். முத்திரை குத்தவேண்டும். அது சேருடைய மேசை லாச்சியில் பூட்டி இருக்கும், திறப்பு அவருடைய இடுப்பில். அவர் என்னைப் பார்க்காமல் எழும்பிப் பின்பக்கம் போனார். லாச்சி திறந்தபடி கிடந்தது. மறந்தாரா, விட்டாரா தெரியாது. குத்தினேன்.

குணலட்சுமி அம்மா இரண்டு கையையும் நீட்டினார். “தாங்கோ பிள்ளை, நான் ஓடிப்போய்க் குடுக்கிறன்.”

“அவங்கள் கிழிச்செறிஞ்சால்?” என்றார் யாகோப்பு அண்ணை, மெல்ல.

கிழித்தெறிந்தால் ஒன்றுமில்லை. எழுதின ஆள் முன்னால் நின்று, இதுதான் அவன் கொடுத்த நேரம், நான்தான் வவுனியாவிலிருந்து கேட்டு எழுதினேன் என்று வாயால் சொன்னால்தான் உண்டு. நான் தந்தியைக் கொடுக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். யாகோப்பு அண்ணைக்கு விளங்கிவிட்டது.

“வேண்டாம் பிள்ளை. கொப்பருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

“அப்பா புகையிலைக்குத் தண்ணி இறைச்சு முடிச்சாப்பிறகு சொல்லுங்கோ அண்ணை. இல்லாட்டி அரைவாசியிலை விட்டிட்டு ஓடி வருவார்.”

வெளியே கண் கூசுகிற வெயில். முகாம் பக்கம் போகிறவர்கள் தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் உருட்டிக்கொண்டு போனார்கள். குணலட்சுமி அம்மா படியிறங்குகையில் அவருடைய செருப்பு அறுந்தது. அவர் குனிந்து இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற தாரில் என்னுடைய பக்கமாக வந்து சேர்ந்து நடந்தார்.