துவக்குக்கு முன் வந்த மூஸ்

அருமைராசா தன் உடம்பின் அளவுக்கு ஒரு வேட்டைத் துவக்குச் செய்யச் சொல்லிவிட்டு வந்த மறுநாள் காலை, அந்தத் துவக்கால் சுடப்படவேண்டிய மூஸ் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. அது 1994 ஏப்ரல் மாதம். கெபெக்கின் செயின்ட்-மிஷேல் பகுதித் தெருக்களின் ஓரத்தில் கறுத்த பனி இன்னும் கரையாமல் கிடந்தது. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். கெபெக்காரர் அதை ஒறிஞால் என்பார்கள். வந்திருந்தது நன்றாக வளர்ந்த ஓர் ஆண். புதுக்கொம்பு அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அது யாரையும் முட்டவில்லை, எதையும் கவிழ்க்கவில்லை. மேல்வீட்டுக்குப் போகும் இரும்புப் படிக்கட்டின் அருகே, பஸ்ஸுக்கு நிற்பவரைப்போல நின்றது. கீழ்வீட்டில் குடியிருந்த அருமைராசா வேலைக்குப் போகக் கதவைத் திறந்தபோது அதன் மூக்கு அவன் நெற்றி உயரத்தில் இருந்தது. அது எதற்காக வந்திருக்கிறது என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. "துவக்கு இன்னும் செய்து முடியேல்லை," என்று அதனிடம் சொல்லிவிட்டு மெற்றோவைப் பிடிக்க நடந்தான்.

துவக்கு ஆசை அவனுக்கு வந்தது பகல் சாப்பாட்டு மேசையில். யன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவன் வேலை செய்தான். கூட வேலை செய்த கெபெக்காரர்கள் ஒவ்வோர் ஒக்டோபரும் ஒரு கிழமை காட்டுக்குள் காணாமல் போவார்கள். திரும்பி வந்த பின் குளிர்காலம் முழுக்க மூஸ் இறைச்சியைத் தின்றுகொண்டு அந்த ஒரு கிழமையைப் பற்றியே கதைப்பார்கள். அருமைராசா தன் புட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் தானும் சிரிப்பான். 93இல் அவர்கள் அவனையும் கூட்டிப்போனார்கள். ஒரு வெற்று ரின்னைச் சுடச்சொல்லித் துவக்கொன்றைக் கையில் கொடுத்தார்கள். அவன் இடக்கைக்காரன். அவனுடைய இடது காறையெலும்போ, ஊரைவிட்டு வள்ளத்தில் தப்பி வந்த நாளில் அலை தூக்கி எறிந்து உடைந்து, வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் தானாகவே கோணலாகப் பொருந்திய எலும்பு. பொருந்திய இடத்தில் பாக்களவு முண்டு ஒன்று இருந்தது. தோளில் அணைத்துப் பிடிக்கும் துவக்கின் பிடங்கு அந்த முண்டில் இடித்த இடியில் அவன் ஈர இலைகளின்மேல் குந்திவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை. அவர்களில் ஒருவன்தான், தையல்காரன் கோட் தைப்பதுபோல ஆளுக்கு அளவெடுத்துத் துவக்குச் செய்யும் மனிதர் ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிறார், பெயர் ஜெர்வே என்று சொன்னான்.

அப்படியொன்று செய்விக்கப் போகிறேன் என்று அவன் சொன்னதைக் கேட்டு, அவன் மனைவி றோசலின் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துச் செய்விக்கப் போறீங்களோ?"

"அது ஆக்களைச் சுடுற துவக்கு. இது மானைச் சுடுறது."

"அது துவக்குக்குத் தெரியுமோ?"

இப்படிக் கேட்டவளும் லொங்குய்க்குப் போகவேண்டியதாயிற்று. அவள் கார்டெறி ஒன்றில் குழந்தைகளைப் பராமரித்ததால் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. அவனுக்கோ பொஞ்சூரும் மெர்சியும்தான். "நீங்கள் போனால் தோளெண்டு சொல்லி முழங்காலைக் காட்டுவீங்கள்," என்று கோபத்தோடு கோட்டை மாட்டினாள். ஜெர்வே விமானத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்னால் கராஜையே பட்டறையாக்கியிருந்தார். கையின் நீளம், கழுத்தின் நீளம், கன்னத்துக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் நாடாவால் அளந்தார். அருமைராசாவின் முண்டை விரலால் தடவிப் பார்த்து, இதற்கு நோகாமல் ஒரு பிடங்கு செய்வது பெரிய விஷயமில்லை, ஒரு வருடம் பொறு என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் றோசலின் தமிழில் சொல்லி, முழங்கையை உயர்த்து, தலையைச் சாய் என்பதையெல்லாம் தானே செய்தும் காட்டினாள்.

மூஸ் வந்த செய்தி அறிந்து முதலில் வந்தது பொலிஸ். இது யாருடையது என்று கேட்டார்கள். யாருடையதும் இல்லை, என் புருஷனுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது என்றாள் றோசலின். அடுத்து நகரசபை ஆட்கள் லொறியும் கயிறுமாக வந்து இழுத்துப் பார்த்தார்கள். அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இலையுதிர் காலத்தில் பெண் மூஸைத் தேடித் தானாகப் போய்விடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள், அது போகவில்லை. வீட்டுக்காரர் ஓர் இத்தாலிய முதியவர். குடியிருப்போர் மிருகம் வளர்க்கக்கூடாது என்று அவர் சத்தம்போட, நாங்கள் வளர்க்கவில்லை, அது தன்பாட்டில் நிற்கிறது என்று றோசலின் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்து அதை ஒத்துக்கொண்டார். பிறகு தன் தோட்டத்தில் வெட்டிய அத்திக் கிளைகளை அவரே கொண்டுவந்து அதற்குப் போடத் தொடங்கினார். அருமைராசாவின் இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும்போது அதன் வயிற்றின் கீழால் குனிந்து போனார்கள்.

ஒரு வருடம் என்று ஜெர்வே சொன்னது நாலரை வருடமானது. பிடங்குக்கென்று எடுத்த வோல்நட் கட்டை முழுதாக உலர்ந்திருக்கவில்லை. 95 கோடையில், பாதி செதுக்கிய நிலையில், நுனியிலிருந்து அடிவரை பிளந்தது. அந்த ஒக்டோபரில் கெபெக் பிரிவதா இல்லையா என்று வாக்கெடுப்பு நடந்தது. மூஸின் ஒரு கொம்பில் யாரோ 'ஆம்' அட்டையைத் தொங்கவிட்டார்கள், மற்றக் கொம்பில் இன்னொருவர் 'இல்லை' அட்டையைத் தொங்கவிட்டார். அது இரண்டையும் ஒரே உயரத்தில் சுமந்துகொண்டு நின்று, மார்கழியில் கொம்புகள் உதிர்ந்தபோது இரண்டையும் ஒன்றாகவே கீழே போட்டது. அடுத்த வருடம் வலக்கைக்காரருக்கான சுடுபொறி தவறுதலாக வந்து சேர்ந்து, திரும்பிப் போய், மாறி வருவதற்குள் இன்னொரு கோடை முடிந்தது. அதன்பின் ஜெர்வேயின் கண்களில் புரை விழுந்தது. சத்திரசிகிச்சைக்கு முறை வரும்வரை சும்மா இருக்க அவருக்கு மனமில்லை. கையால் தடவித் தடவியே புதிய கட்டையைச் செதுக்கினார்.

இடையிடையே அளவு பார்க்கக் கூப்பிடுவார். அப்போதெல்லாம் அருமைராசாவும் றோசலினும் மஞ்சள் பாதை மெற்றோவில் ஆற்றுக்கு அடியால் போவார்கள். மூஸ் அதே நேரம் செயின்ட் லோறன்ஸ் ஆற்றை நீந்திக் கடக்கும். அவர்கள் லொங்குய் நிலையத்தின் படிகளில் ஏறி வரும்போது, அது தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நிற்கும். கூடவே வந்து பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, வேலை முடியவில்லை என்று கண்டதும் திரும்பிவிடும். ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த றோசலின், போகப்போக ஜெர்வேக்குக் கட்லட் பொரித்துக்கொண்டு வரும் அளவுக்கு இளகினாள். அவர் மரத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவளுக்கும் கேள்விகள் வந்தன. அருமைராசா ஒரு ஓரத்தில் ஸ்ரூலில் உட்கார்ந்து, தன் துவக்கைப் பற்றி அவர்கள் இருவரும் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேட்டைக்காரருக்கான வகுப்புக்கும் அவள் மொழிபெயர்க்கப் போனாள். இவ்வளவையும் தமிழில் சொன்னவர் தானும் ஏன் சோதனை எழுதக்கூடாது என்று படிப்பித்தவர் கேட்டதால் எழுதினாள். இருவருமே சித்தியடைந்தார்கள். அவளுக்குத்தான் புள்ளி கூட.

98 தை மாதம் உறைமழை பெய்து நகரத்துக்கு மின்சாரம் அற்றுப்போனது. மரங்கள் கண்ணாடியாகி முறிந்தன. வீட்டுக்குள் மூச்சுவிட்டால் புகை வந்தது. அருமைராசா கதவை அகலத் திறந்து, "உள்ளுக்கு வாரும்," என்றான். தன் வயதுக்காரரை அழைப்பதுபோல மரியாதையாகத்தான் கூப்பிட்டான். மூஸ் தலையைச் சாய்த்து ஒடுக்கமான நடைவழிக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. அதன் உடம்பிலிருந்து எழுந்த சூட்டில் சுவரிலிருந்த ஈரம் காய்ந்தது. மேல்வீட்டுக் குடும்பம் போர்வைகளோடு இறங்கி வந்தது, வீட்டுக்காரரும் தன் மனைவியோடு வந்தார். மின்சாரம் திரும்பும்வரை எல்லோரும் அதைச் சுற்றிப் படுத்தார்கள். அந்த நாட்களில் அதன் முதுகில் சாய்ந்தபடி அருமைராசா முதல்தடவையாக, துவக்கு முடியாமலே போனாலும் பரவாயில்லை என்று நினைத்தான். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. நாலு வருடமாகத் தொழிற்சாலையில் எல்லோரும் அவனைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி துவக்கைப் பற்றியது. அந்தக் கேள்வியால்தான் அவனுக்கு மேசையில் ஓர் இடமே கிடைத்திருந்தது.

துவக்கு செப்டெம்பரில் முடிந்தது. அப்படி ஒரு அழகை அருமைராசா பார்த்ததில்லை. மரத்தின் இழைகள் தேன் ஓடினதுபோல ஓடின, இரும்பு மழைமேக நிறத்தில் இருந்தது. தோளில் வைத்தான். பொருந்தவில்லை. பிடங்கு குட்டையாக இருந்தது. கன்னம் வைக்கும் மேடு தாடையில் முட்டியது. போதாததற்கு அது வலது தோளுக்கென்று வளைந்திருந்தது. முண்டுக்கென்று ஒதுக்கிய குழிவு எங்குமே இல்லை. புரை நீங்கிப் புதிதாகப் பார்வை வந்திருந்த ஜெர்வே அவனை ஏற இறங்கப் பார்த்தார். எங்கே பிழைத்தது என்று பார்க்க, துவக்கைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று றோசலினிடம் நீட்டினார். அவள் தயங்கித்தான் வாங்கினாள். அது அவள் கையிலிருந்து தானாக எழுந்து, பழகிய பூனை மடியில் ஏறுவதுபோல அவளுடைய வலது தோளில் போய் அமர்ந்தது. வாசலில் நின்ற மூஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அது இத்தனை வருடமும் முன்கதவைப் பார்க்காமல் றோசலின் சமைக்கும் குசினியின் யன்னலையே பார்த்து நின்றது என்பது அருமைராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜெர்வே ஸ்ரூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தபடி ஏதோ சொன்னார். றோசலின் மெல்லிய குரலில் அதைத் தமிழில் சொன்னாள். "கண் தெரியாத காலத்திலை குரலை வைச்சுத்தான் செதுக்கினவராம். அவருக்குக் கேட்டது முழுக்க என்ரை குரலாம்."

துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சில நாட்கள் துவக்கு அலுமாரியில் பூட்டியபடி கிடந்தது, அவனும் கிட்டத்தட்ட அப்படித்தான் கிடந்தான். பிறகு ஒரு பகல், சாப்பாட்டு மேசையில், துவக்கு முடிந்ததா என்று வழக்கம்போலக் கேட்டார்கள். தனக்குத் தெரிந்த எல்லாப் பிரெஞ்சையும் சேர்த்து, முடிந்தது, ஆனால் அது என் மனுஷிக்குத்தான் அளவு என்றான். மேசை அதிரச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், இந்த முறை எதற்கென்று தெரிந்து சிரித்தான். சிரித்து முடிந்ததும், அப்படியென்றால் அவ எப்போது வாறா என்று ஒருவன் கேட்டான். தங்கள் காட்டுக் குடிலின் சாவியையும் தந்தான். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த அருமைராசா சாவியை மேசையில் வைத்துவிட்டு, "இஞ்சேரும், நீர்தான் போகவேணும்போலை கிடக்கு. நான் கார் ஓடுறன்," என்றான்.

"நானோ?"

"அது உமக்காகத்தானே நிக்குது."

அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். போகிற நாள் காலையில் உறைப்புக் குறைத்துக் கொத்துரொட்டி கட்டினாள், வழியில் வயிற்றைக் குழப்பக்கூடாதென்று.

ஒக்டோபரில் அஹுன்ட்சிக் வழியாகப் பாலத்தைக் கடந்து வடக்கே போனார்கள். மூஸ் காருக்கு முன்னால் ஓடியது, சிவப்பு விளக்குகளில் நின்றது. மறுநாள் விடிந்த பின், ஏரிக்கரையில், எந்த வேட்டைக்காரனும் ஆசைப்படும் இடத்தில், எந்த வேட்டைக்காரனும் ஆசைப்படும் விதத்தில், விலாவைக் காட்டிக்கொண்டு போய் நின்றது. றோசலின் துவக்கை உயர்த்தினாள். அருமைராசா அவளுக்குப் பின்னால் நின்று, சத்தத்துக்காகக் காதைப் பொத்திக் கண்ணை மூடினான். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் குறி மாறாமல் நின்றாள், மூஸும் மாறாமல் நின்றது. பிறகு குழலின் நுனி ஒரு விரலகலம் பக்கத்துக்கு அசைந்தது. மறுபடியும் அசைந்தது. மூஸ் அதைப் பார்த்தது. நாலரை வருடமாகக் காத்திருந்த வேலை முடிந்ததுபோல நீளமாக ஒரு மூச்சை விட்டது. திரும்பி, அவசரப்படாமல், தேவதாருக்களுக்குள் நடந்துபோய் மறைந்தது.

திரும்பி வரும்போது காரில்தான் சொன்னாள். கலியாணத்துக்கு முதல், ஊரில், ஆனையிறவு ஆமித் தடையில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி நிறுத்தினார்களாம். கொஞ்சப் பேரை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். ஒரு ஆமிக்காரன், சின்ன வயது, துவக்கை அவள் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நெடுநேரம் பார்த்தான். பிறகு குழலின் நுனியை ஒரு விரலகலம் பக்கத்துக்கு அசைத்தான். அவள் நடந்து போய் பஸ்ஸில் ஏறினாள்.

"அவனுக்கு அது எவ்வளவு சுகமாயிருந்திருக்குமெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது," என்றாள். பதினாலு வருடம் ஒன்றாக வாழ்ந்தும் அருமைராசா கேட்டிராத கதை அது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பசி வந்ததும் மிச்சமிருந்த கொத்துரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அதன்பின் ஒவ்வோர் ஒக்டோபரும் அவர்கள் காட்டுக்குப் போனார்கள். அடுத்த வருடமே றோசலின் வேறொரு மூஸைச் சுட்டு, வறுத்த தூள் போட்டு இறைச்சிக்கறி வைத்தாள். அருமைராசா அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனான். உறைப்பில் எல்லோருக்கும் கண்ணால் நீர் ஓடியது, ஆனால் சட்டி காலியாகவே திரும்பி வந்தது. பழைய மூஸ் நத்தாரை ஒட்டி வரும். படிக்கட்டின் அருகே சில நாட்கள் நின்றுவிட்டு, புதுவருடம் பிறந்ததும் போய்விடும். மேல்வீடு காலியானபோது, பார்க்க வந்தவர்களிடம் இத்தாலியர் எதையும் மறைக்கவில்லை. சுடுதண்ணீர் வாடகைக்குள் அடக்கம், படிக்கட்டில் பனி அள்ளுவது உங்கள் பொறுப்பு, நத்தார் நேரத்தில் வாசலில் ஒரு ஒறிஞால் நிற்கும், பக்கத்தால் விலகிப் போகலாம் என்றார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, யன்னலையெல்லாம் குளிருக்கு நன்றாகச் சாத்தலாமா என்று கேட்டார்கள்.