வென்டெல் இறந்த நேர்காணல்

அழுகை ஒரு நுழைவுத் தகுதி என்று எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் அச்சிடப்படவில்லை. ஆயினும், நான் சேர விரும்பிய பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையில் அதுவே முதன்மைத் தகுதியாக இருந்தது. நேரில் கண்டதையே எழுதுகிறேன்.

முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் என் இளமை முழுவதையும் கழித்த பின்னர், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், எங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். மூடிக் கிடக்கும் எஃகு ஆலைக்கு எதிரே, ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் கட்டடம் அது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு. ஈராண்டுப் படிப்பை முடிக்க எனக்கு நான்காண்டுகள் ஆயின. ஆனால் ஒரு பாடத்திலும் இரண்டாம் தர மதிப்பெண் பெறவில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் வேறு சிலர்.

சமுதாயக் கல்லூரியில் முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகளைப் பல்கலைக்கழகம் அப்படியே ஏற்கும் என்று இரண்டுக்கும் இடையே உடன்பாடு உண்டு. எனவே மூன்றாம் ஆண்டுக்கு நேரே போய்விடலாம் என நம்பினேன். பல்கலைக்கழகத்திற்குள் போகலாம்தான். சமூகப்பணித் துறைக்குள் போவதற்கு மட்டும் மற்றொரு கதவு இருந்தது. அதன் பெயர் குழு நேர்காணல். விண்ணப்பதாரர்களை வட்டமாக உட்கார வைத்து, இத்துறையை நாடி வரக் காரணம் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். அந்தக் கதவு திறக்காவிட்டால், ஏதேனும் ஒரு பொதுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு சலவைக்கூடத்திற்கே திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவோருக்கான ஆலோசகர் மெக்னல்டி, மேசை மீது மிட்டாய்க் கிண்ணம் வைத்திருப்பதையே ஆலோசனை எனக் கருதுபவர். அவர் எனக்கு வழி காட்டினார்.

"வெர்னா, உங்க மார்க்கை அங்க ஒருத்தனும் பார்க்கமாட்டான். உங்ககிட்ட ஒரு கதை இருக்குல்ல? தம்பி, மாத்திரை, அந்த விஷயம். அதை அப்படியே எடுத்து வைங்க. தங்கம் மாதிரி."

"அது என் தம்பியோட கதை."

"உங்க தம்பிதானே?"

"என் தம்பிதான். ஆனா கதை அவனோடது."

"கொஞ்சம் கண்ணு கலங்குனா போதும், சீட்டு உங்களுக்குத்தான். மிட்டாய் எடுத்துக்குங்க."

நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் தம்பி வென்டெல் கூரை வேய்பவனாக இருந்தான். ஒரு நாள் கூரையிலிருந்து விழுந்தான். மருத்துவர் கொடுத்த வலி மாத்திரைகள் வலி போன பின்னும் அவனை விடவில்லை. கடைசியில், எங்கள் தாயாரின் குளியலறையில், குழாய் திறந்தபடி இருக்க, மூச்சின்றிக் கிடந்தான். அவசர உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் மூக்கில் மாற்று மருந்தைப் பீய்ச்சி அவனை மீட்டார்கள். அதன் பின் அவன் ஒரு மாத்திரையும் தொட்டதில்லை. இப்போது டயர் கடையில் வேலை பார்க்கிறான். என் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு வானொலியில் பேஸ்பால் கேட்கிறான். இவற்றை எழுதுவதற்கு அவனிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன்.

ஒப்புதல் என்பது சமூகப்பணியின் அடித்தளம். "ஒருவரது வாழ்க்கைச் செய்தி அவருக்கே உரியது, அவரது ஒப்புதலின்றி அதனைப் பிறரிடம் வெளியிடுதல் கூடாது" என்பது எங்கள் பாடநூலின் வாசகம். அதை நான் மனப்பாடமாக அறிவேன். எனினும், அந்த அத்தியாயத்தை வகுப்பில் எட்டுவதற்கு முன்பு, ஒரு குளிர்கால மாலையில், காரில் திரும்பும்போது, வென்டெலின் கதையைக் கெய்லினிடம் சொல்லியிருந்தேன்.

கெய்லின் என் சக மாணவி. இருபத்தொரு வயது. என் காரில்தான் வகுப்புக்கு வந்து போவாள். நேர்காணலன்று என் கார் கிளம்ப மறுத்ததால், வென்டெல் தன் டிரக்கில் எங்கள் இருவரையும் அழைத்துச் சென்றான்.

"என்ன புரொபசரம்மா, பேன்ட் மடிப்பு கத்தி மாதிரி நிக்குது? யாரையாவது குத்தப் போறியா?" என்றான்.

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

கெய்லின் நகத்தைக் கடித்தபடி இருந்தாள். "மிஸ் வெர்னா, நான் என்னத்தைச் சொல்றது? என்கிட்ட ஒண்ணுமே இல்ல. எங்க அம்மா அப்பா ரெண்டு பேருமே நல்லவங்க."

"ஐயோ பாவம்" என்றான் வென்டெல். "எதையாவது அவுத்து விடு, குட்டி. கரெண்ட் கம்பெனிக்காரன்கிட்ட நான் விடுறதில்ல?"

நேர்காணல் அறையில் மேசை இல்லை. மங்கலான விளக்குகள், மெத்தை வைத்த நாற்காலிகள், நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. பேராசிரியர் ஷார்லட் வின்சலோ காலணிகளைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் இளம் விரிவுரையாளர் மடிக்கணினியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்னெல்லாம் கூப்பிடாதீங்க. இங்க எல்லாரும் சமம். ஷார்னு சொன்னா போதும்" என்றார் பேராசிரியர்.

பட்டத்தைக் கழற்றி வைக்க முடிவது, அது ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. நான் அவரைக் கடைசி வரை டாக்டர் வின்சலோ என்றே அழைத்தேன்.

முதலில் பார்க்கர் என்ற இளைஞன் பேசினான். அவன் பெற்றோர் பிரிந்தவர்கள்.

"ரெண்டு வீட்டுலயும் எனக்கு ரூம் இருந்துச்சு. ஆனா ரெண்டுமே என் ரூம் மாதிரி இல்ல. ஒரு வீட்டுல நீச்சல் குளம்கூட இருந்துச்சு. யாரு கூட நீந்துறது?"

"அந்த வலி கூட நாம கொஞ்ச நேரம் உட்காருவோம்" என்றார் பேராசிரியர்.

உட்கார்ந்தோம். நீச்சல் குளத்தின் வலியுடன் அத்தனை பேரும் கண்களை மூடி உட்கார்ந்திருந்தோம். அடுத்ததாக ஒரு பெண், தன் குதிரையை அப்பா விற்றுவிட்ட கதையைச் சொன்னாள். டிஷ்யூ பெட்டி புறப்பட்டது. அழுபவரிடம் டிஷ்யூவை நீட்டக்கூடாது. நீட்டினால் 'அழுகையை நிறுத்து' என்று பொருள். கைக்கு எட்டும் தொலைவில் வைத்தால் போதும் என்று பாடநூல் கூறுகிறது. இங்கேயோ அது தேவாலயத்துக் காணிக்கைத் தட்டைப் போல மடிக்கு மடி தாவியது. பேராசிரியரே ஒன்றை உருவிக் குதிரைக்காரியின் கையில் திணித்தார்.

பிறகு கெய்லினின் முறை வந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு ஒரு மாமா இருந்தாரு. வென்டெல்னு பேரு. கூரை போடுற வேலை. ஒரு நாள் மேலேருந்து விழுந்துட்டாரு."

மாத்திரைகள் வந்தன. குளியலறை வந்தது. நான் சொன்ன அதே திறந்த குழாய், அதே நீல மிதியடி. தீயணைப்பு வீரர்கள் மட்டும் வரவில்லை.

"என் மடியிலதான் உயிர் போச்சு. அம்மாகிட்ட ஸாரி சொல்லிடுன்னு சொன்னாரு. அதுதான் கடைசி."

பார்க்கர் விம்மினான். குதிரைக்காரி கெய்லினைக் கட்டிக்கொண்டாள். இளம் விரிவுரையாளர்கூடத் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார். உயிர் போன அந்த மாமா அப்போது கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெர்னா, நீங்க இந்தத் துறைக்கு வரணும்னு ஏன் நினைச்சீங்க?" என்று பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

அது என் தம்பி, அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கெய்லினின் இடம் போயிருக்கும். என் இடம் உறுதியாகியிருக்கும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்வதும் அவன் கதையைச் சொல்வதேயாகும். கெய்லின் திருடிய பொருளை, நான் சொந்தக்காரி என்ற பெயரில் விற்றிருப்பேன்.

"படிச்சேன். பிடிச்சுது. நல்லாச் செய்வேன்னு தெரிஞ்சுது. அதான்" என்றேன்.

"அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பின்னாடி பரீட்சை. எல்லாத்துலயும் முதல் தரம்."

"இது பாதுகாப்பான இடம், வெர்னா. எதை வேணா சொல்லலாம்."

"நான் சொல்லணும்னா இன்னொருத்தரைப் பத்திச் சொல்லணும். அவரைக் கேட்காமச் சொல்லக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கு."

"புத்தகம் மூளைக்கு. நாங்க இங்க இதயத்தைத் தேடுறோம்."

"புத்தகம் உங்களோடது, டாக்டர் வின்சலோ. அட்டையில மூணாவது பேரு நீங்கதான்."

அறை அமைதியானது. இந்த அமைதியோடு உட்காருவோம் என்று யாரும் சொல்லவில்லை. விரிவுரையாளர் எதையோ நீளமாகத் தட்டச்சு செய்தார்.

முடிந்ததும், கெய்லினின் தோளில் கை போட்டபடி பேராசிரியர் எங்களுடன் வெளியே வந்தார். வென்டெல் டிரக்கிலிருந்து இறங்கி வந்தான். டயர் கடைச் சட்டையைத்தான் போட்டிருந்தான். நெஞ்சில் சிவப்பு நூலில் 'வென்டெல்' என்று தைத்திருந்தது.

கெய்லினின் முகம் வெளுத்தது.

"என் தம்பி" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.

பேராசிரியர் சட்டையைப் பார்த்தார், கெய்லினைப் பார்த்தார். இந்த இடத்தில் எந்தப் பள்ளிச் சிறுமிக்கும் விளங்கியிருக்கும். பல பட்டங்கள் பெற்ற அந்த அம்மையாரோ வென்டெலின் கையைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு கண்ணீர் விட்டார்.

"கெய்லின், பார்த்தியா? அதே பேரு! இதெல்லாம் தற்செயல் கிடையாது. உனக்கு ஆறுதல் சொல்லத்தான் இவர் வந்திருக்காரு."

டிரக் நெடுஞ்சாலை ஏறியது.

"அந்தம்மா ஏன் என் கையைப் புடிச்சிட்டு அழுதுச்சு?" என்று வென்டெல் கேட்டான்.

கெய்லின் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வென்டெல் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"என்னைக் கொன்னே போட்டியா? எங்க வெச்சு?"

"பாத்ரூம்ல."

"ஹால்ல சாக விட்டிருக்கலாம்ல, கொஞ்சம் மரியாதையா? கடைசியா எதாச்சும் சொன்னேனா?"

"அம்மாகிட்ட ஸாரி சொல்லச் சொன்னீங்க."

சிரிப்பு நின்றது. எங்கள் தாயார் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

"அது நான் சொல்லல" என்றான். சற்றுப் பொறுத்து, "சொல்லியிருக்கணும்" என்றான்.

அவளை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "பார்த்துப் போ, குட்டி" என்றுகூடச் சொன்னான். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

கெய்லினுக்கு இடம் கிடைத்தது. பார்க்கருக்குக் கிடைத்தது. குதிரைக்கும் கிடைத்தது என்றே சொல்லலாம். நான் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டேன். 'உணர்வுத் திறப்பு போதாது' என்பது காரணம். அந்தக் கோடை முழுவதும் முதியோர் இல்லத்தின் போர்வைகளை மடித்தேன். ஆகஸ்ட் இறுதியில் பார்க்கர் வணிகப் படிப்புக்கு மாறிக்கொண்டான். வலியோடு உட்கார்ந்தது அவனுக்குப் போதுமாகிவிட்டது போலும். அவன் காலி செய்த நாற்காலி எனக்கு வந்தது. யாருடைய கதையையும் கொடுக்காமல் அதைப் பெற்றேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வகுப்பு இரகசியக் காப்பு பற்றியது. டாக்டர் வின்சலோ எடுத்தார். எடுத்துக்காட்டு இல்லாமல் எதுவும் மனதில் நிற்காது என்று கூறிவிட்டு, ஒரு கூரைத் தொழிலாளியின் கதையைத் தொடங்கினார். மாத்திரைகள், குழாய், மிதியடி, இளம்பெண்ணின் மடி. "இரகசியம் காக்கணும்ல, அதனால பேரை மாத்தியிருக்கேன். வெஸ்லின்னு வெச்சுக்குவோம்" என்றார். நாற்பது பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். கெய்லின் முன்வரிசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நான் கையை உயர்த்தினேன்.

"இதைச் சொல்லலாம்னு அவர் ஒப்புதல் கொடுத்தாரா?"

"அவர் இறந்துட்டாரே, வெர்னா."

"இறந்தவங்களுக்கும் அது பொருந்தும்னு உங்க புத்தகத்துல இருக்கு."

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர் வின்சலோ. நல்ல கேள்வி என்று சொல்வது, பதில் சொல்லாமலிருக்கக் கற்றவர்களின் வழக்கம். திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மாலையில் வென்டெல் டிரக்கோடு காத்திருந்தான். படிக்கட்டிலிருந்து டாக்டர் வின்சலோ அவனைக் கண்டு, நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார். அவனும் கையசைத்தான். பேருந்து நிறுத்தத்தில் கெய்லின் தனியாக நின்றிருந்தாள். நாங்கள் போகும் திசையைப் பார்க்காதிருக்க முயன்றாள்.

"இன்னைக்கும் செத்தேனா?" என்றான் வென்டெல்.

"செத்தே. நாப்பது பேருக்கு முன்னாடி. பேரு மட்டும் வெஸ்லி."

"நல்ல பேருதான்."

"நான் துறைக்குப் புகார் எழுதப் போறேன். அவளைப் பத்தியும், அந்தம்மாவைப் பத்தியும். உன் பேரைச் சொல்லி எழுதலாமா?"

இத்தனை பேரில் அவனிடம் அப்படிக் கேட்டது நான் ஒருத்தி மட்டுமே. அவன் சாவியைத் திருகாமல் யோசித்தான்.

"இன்னைக்குச் சொன்னப்போ, அம்மாகிட்ட ஸாரி சொன்னேனா?"

"சொன்னே."

"அப்ப எழுதாதக்கா."

ஒப்புதல் மறுக்கப்பட்டது. அதன்பின் ஒரு சமூகப்பணியாளர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அவன் டிரக்கைப் பேருந்து நிறுத்தத்தின் அருகில் கொண்டுபோய் நிறுத்தி, கெய்லினைக் கையசைத்துக் கூப்பிட்டான். நான் என் புத்தகப் பையை இருக்கையின் நடுவில் வைத்துக்கொண்டேன். அவள் கதவோரம் ஒடுங்கித்தான் உட்கார வேண்டியிருந்தது.