இராயப்பர் நாற்காலி

பெரிய வியாழன் சாயங்காலம். எஸ்டேட் கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல் நாற்காலி ஆண்டவரின் பன்னிரண்டு சீடர்களில் தலைவரான இராயப்பருடையது. இளவட்டங்கள் பேதுரு என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பத்தோரு வருஷமாக அதில் உட்காருகிறவர் ஞானாதிக்கம். பாதம் கழுவும் சடங்கில் சாமியார் முதலில் கழுவுவது அவர் காலைத்தான். கழுவியதும் எழுந்து, கழுவும் நீரைப் பிடிக்கிற பித்தளைத் தாம்பாளத்தை வாங்கி ஏந்திக்கொண்டு, மற்ற பதினொரு பேரிடமும் சாமியாருடன் போவார். தேயிலைக் காட்டில் அவர் மருந்தடிக்கிற ஆள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் இராயப்பர்.

இந்த வருஷம் உட்கார ஆண்கள் ஏழு பேர்தான் தேறினார்கள். பிள்ளைகளெல்லாம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பறந்துவிட்டார்கள். தானா ராத்தா டவுனிலிருந்து வரும் இளம் சாமியார் போன ஞாயிறு பூசையில் சொல்லிவிட்டார்: மிச்ச ஐந்தில் பெண்கள் உட்காரட்டும், ரோமாபுரியே எப்போதோ அனுமதித்தாயிற்று. பன்னிரண்டும் நிறையாவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து டவுன் கோயிலுக்கே வந்துவிடுங்கள், இங்கே இந்தச் சடங்கு வேண்டாம்.

ஞானாதிக்கத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. கடைசி இராப்போசனத்தில் எந்தப் பெண் உட்கார்ந்தாள்? பூசை முடிந்து வாசலிலேயே, பத்துப் பேர் காதுபடச் சொன்னார்.

"பொம்பள வந்து ஒக்காந்தா நான் எந்திரிச்சிப் போயிருவேன் சாமி. அப்புறம் ஒங்க இஷ்டம்லா."

அவருடையது உடும்புப்பிடி. எழுந்து போனால் பன்னிரண்டு பதினொன்றாகும். கட்டிக்காத்த சடங்குக்குத் தாமே சங்கு ஊதினதாகும். அது தெரியாத மனிதர் இல்லை. எந்தப் பெண்ணும் துணியமாட்டாள், காலி நாற்காலிகளைப் பார்த்துச் சாமியார் மனமிரங்குவார் என்று நம்பியிருந்தார்.

நான்கு பெண்கள் வந்து கோடியில் உட்கார்ந்தார்கள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார் ஞானாதிக்கம். அவருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து முக்காடு போட்ட ஒருத்தி எழுந்து வந்து அதில் உட்கார்ந்தாள். அவர் மனைவி லூர்தம்மா. வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விட்டிருக்கவில்லை. இப்போதும் அவர் பக்கம் திரும்பவில்லை.

கோயிலே அவரைப் பார்த்தது. வாசலில் அவர் சொன்னது லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். போவதா இருப்பதா என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்கையில் சாமியார் மண்டியிட்டு அவர் காலைக் கழுவித் துடைத்தும்விட்டார்.

ஞானாதிக்கம் எழுந்தார்.

யாரோ "ஐயோ" என்றார்கள். சாமியார் புரிந்து செய்தாரோ புரியாமல் செய்தாரோ, தாம்பாளத்தை நீட்டினார். முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை வாங்கிவிட்டது. தண்ணீர் தளும்பியது. இதைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாம், வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

சாமியார் லூர்தம்மாவின் முன்னால் மண்டியிட்டார். அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி. எங்காலு அசிங்கமா கெடக்கு."

சொல்லிக்கொண்டே எழப்போனாள். ஞானாதிக்கம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவர் வார்த்தை ஜெயித்துவிடும். ஆனால் அதற்குள் அந்தக் காலைப் பார்த்துவிட்டார். குதிகால் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் காட்டு மண் கறுத்து, கணுக்காலில் அட்டைக்கடித் தழும்புகள்.

அவருடைய கால் பளிச்சென்று இருந்தது. இன்று மத்தியானமும் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அவள்தான் சுடுதண்ணீர் வைத்து, அவர் காலை ஊறப்போட்டு, கல்லால் தேய்த்து, நகம் வெட்டிவிட்டாள். வருஷா வருஷம் அவள்தான். முடிப்பதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. தன் காலைத் தேய்க்க அவளுக்கு நேரமில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். போகவில்லை. சாமியாருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"கால குடு, லூர்து."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். குடு."

சாமியார் நகர்ந்து இடம் விட்டு, தண்ணீர்ச் செம்பையும் துண்டையும் அவரிடம் கொடுத்தார். ஞானாதிக்கம் வெடிப்பு வெடிப்பாக நீர் ஊற்றி, கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்து எடுத்தார். லூர்தம்மா முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு அழுதாள்.

சடங்கில் ஒருவருக்கு வலது கால் மட்டும்தான் கழுவவேண்டும். என்றைக்கும் அதுதான் வழக்கம். துடைத்து முடித்துவிட்டு ஞானாதிக்கம் இடது காலுக்குக் கையை நீட்டினார்.