ஒன்பது மாத்திரைகள்

பூமியின் தென்பாதியில் உள்ள எங்கள் ஊரில் அக்டோபரில் வசந்தம் வந்து ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டால் டெஸ்மண்டுக்கு மனைவி நோலீனின் மேல் சந்தேகம் வந்துவிடும். ஹுவான் ஆற்றங்கரையில் அவர்களுடையது எங்களுக்கு அடுத்த தோட்டம். நடந்ததை இருவருமே பின்னால் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன் இதே மாதத்தில்தான் நோலீன் மூன்று நாள் கண்மூடாமல் நாற்பது மரங்களை அடியோடு அறுத்துத் தள்ளினாள். அங்கே குளம் வெட்டி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் கற்றுத்தரப்போவதாக வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். எங்கள் வாசலில் நின்று அவள் பேசிய வேகத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. ஆறு வாரம் ஹோபார்ட் நகரத்தில் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தவள் கோடை முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. பைபோலார் என்றார்கள், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய். அன்றிலிருந்து இரவு உணவுக்குப் பின் மூன்று லித்தியம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனை. வாழ்க்கை ஒழுங்காகத்தான் போயிற்று.

இந்த வருடம் அவள் ஐந்து மணிக்கே எழுந்து பாடினாள். ஆப்பிள்களைப் பெட்டி கட்டும் கொட்டகைக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தாள். தேனீப் பெட்டி கொண்டுவந்தவனோடு அரை மணி நேரம் சிரித்துப் பேசினாள். டெஸ்மண்ட் மரம் அறுக்கும் மெஷினை வைக்கோலுக்கு அடியில் ஒளித்துவைத்தான். அவள் கோழிகளுக்குத் தீனி போடப் போயிருந்த ஒரு காலையில், குளியலறையில் மாத்திரைகளைக் கொட்டி எண்ணினான். இருக்கவேண்டியதைவிட ஒன்பது கூடுதலாக இருந்தது. இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். அதே ஒன்பது.

அவளிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய், எட்டு வருடமாக அவளைப் பார்த்துவரும் நர்ஸ் மெரினுக்குப் போன் செய்தான்.

மறுநாள் மத்தியானம் மெரின் வந்தாள். நோலீன் கையில் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள். இந்த மாதம் நர்ஸ் வரும் முறை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். புருஷனின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"எண்ணினியா?" என்றாள்.

"ஒன்பது மிச்சம் இருக்கு நோலீன்."

பிரஷ்ஷைத் தரையில் எறிந்தாள். மஞ்சள் அவன் பூட்ஸில் தெறித்தது. "நான் பாடினா வியாதி. சிரிச்சா வியாதி. இப்ப கோபப்படுறேன், இதையும் எழுதிக்கோங்க மெரின், இதுவும் வியாதிதான். மத்த பொம்பளைங்க மாதிரி சும்மா சந்தோஷமா இருக்க எனக்கு உரிமையே கிடையாதா?"

மெரின் பிரஷ்ஷை எடுத்து டப்பாவின் மேல் வைத்தாள். பிறகு டெஸ்மண்டிடம், ஒன்பது எப்படி மிச்சமானது என்று சொல்லவேண்டியவள் நோலீன்தான் என்றாள்.

நோலீன் படியில் உட்கார்ந்தாள். கடைசிப் பரிசோதனையில் சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருப்பதாகத் தெரிந்ததால், டாக்டர் மூன்று மாத்திரையை இரண்டாகக் குறைத்திருந்தார். டெஸ்மண்ட் எண்ணியபோது அதற்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. "சொன்னா நீ பயந்துடுவே. பார்த்துக்கிட்டே இருப்பே. அதான் சொல்லலை."

"சொல்லாததாலதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்," என்றான் டெஸ்மண்ட்.

அவன் நிம்மதியடைந்திருக்கலாம். ஆனால் நோலீன் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மெரினிடம் நீட்டினாள். தினமும் தூங்கிய நேரத்தை அதில் எழுதியிருந்தாள். ஏழு, ஏழு, ஆறரை. கடைசி மூன்று நாளும் ஐந்து.

"எனக்கும் என் மேல சந்தேகம்தான். இந்தப் பாட்டு என்னோடதா, வியாதியோடதா, அப்படின்னு காலையில எழுந்ததும் யோசிக்கிறேன்," என்றாள். அதை டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்றே டாக்டரிடம் பேசினார்கள். மறுநாள் காலை எடுத்த இரத்தத்தில் மருந்து, இருக்கவேண்டிய அளவின் கீழ் எல்லையில் இருந்தது. டாக்டர் இரண்டு வாரத்துக்குத் தூக்கத்துக்கென்று ஒரு மருந்து சேர்த்தார். பெயிண்ட் வேலை பாதியில் நின்றது. காப்பியை விட்டாள். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தாள். அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வேலியோரம் நின்று என்னிடம் புலம்பினாள்.

இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நோட்டு சமையலறை மேசையில் திறந்தே கிடக்கும். டாக்டர் எதை மாற்றினாலும் அன்றே சொல்லிவிடவேண்டும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் அவன் மெரினைக் கூப்பிடலாம், ஆனால் அவளுக்கு முன்னால் வைத்து. மாத்திரையை எண்ணக்கூடாது. டெஸ்மண்ட் ஒப்புக்கொண்டான். மூன்று நாள் கழித்து, மரம் அறுக்கும் மெஷினைத் தான் எங்கே ஒளித்துவைத்திருந்தான் என்பதையும் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பு எங்கள் வீடுவரை கேட்டது. அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமோ என்று அப்போதும் தனக்குத் தோன்றியதாக அவன் பின்னால் ஒப்புக்கொண்டான். தோன்றியதை அவளிடமே கேட்டுவிட்டானாம்.

"கொஞ்சம் நீளம்தான்," என்றாளாம் அவள். "நேத்து ஏழு மணி நேரம் தூங்கினேன். நோட்டைப் பாரு."

அந்த வசந்தத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரவில்லை. டிசம்பரில் காய்கள் கோலிக்குண்டு அளவுக்குத் திரண்டபோது, இருவரும் சேர்ந்து கொட்டகையின் மீதிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.