ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு

தாடிக்காரரின் வகுப்பில் ஒருத்தர்கூட ஃபெயில் ஆகவில்லை என்று தெரிந்த அன்றே சராசரி மேடத்துக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள் அவள். பட்டப்பெயர் மாணவர்களின் உபயம். தாடிக்காரர் இந்த வருடம்தான் கணிதத் துறைக்கு வந்தவர். நுண்கணிதத் தாளில் பாதி வகுப்பு மண்ணைக் கவ்வுவதுதான் வழக்கம். இந்தமுறை கேள்வித்தாளைத் தயாரித்ததும் அவரே. போதாதா? அவள் பக்கத்தில் போனால் அவர் மேஜை இழுப்பறையைச் சட்டென்று மூடுவதாகவும் அவளுக்குப் பட்டது.

கல்லூரி முதல்வர் இந்த மதிப்பெண்களைப் பற்றி அவளிடம் அறிக்கை கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்து, "கேள்வித்தாள் கசியாத வகுப்பில் இப்படி மதிப்பெண் வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான்" என்று எழுதினாள்.

எதை எழுதினாலும் முதலில் நாத்தனாரிடம் வாசித்துக் காட்டுவாள். கணக்கென்றாலே காத தூரம் ஓடுகிற நாத்தனாருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும்.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டே கேட்டு முடித்தாள். "புரிஞ்சுது அண்ணி. அந்த ஆள் நல்லவனா இருக்க ஆயிரத்துல ஒரு வாய்ப்புதான். வேலையை விட்டுத் தூக்க வேண்டியதுதானே."

அவள் எழுதியது அது இல்லை. கசியாத வகுப்பில் இப்படி மதிப்பெண் வருவது அபூர்வம் என்பது வேறு, இப்படி வந்த வகுப்பில் கசிந்தே இருக்கும் என்பது வேறு. இந்தத் தப்பை மட்டும் பண்ணாதீர்கள் என்று வருடாவருடம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறாளே, அதே தப்பு. ஆனால் அவளுக்கும் அதுதானே வேண்டியிருந்தது.

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றாள். மனசாட்சியின் வாயை அடைக்க அந்தக் 'கிட்டத்தட்ட' போதுமாயிருந்தது.

விசாரணைக் கூட்டத்தில் தாடிக்காரர் ஓரத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முதல்வர் அறிக்கையைத் தட்டினார்.

"ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது, பேப்பரைக் கொடுத்தது இவர்தான். மேடமே கணக்குப் போட்டுட்டாங்க. இன்னியோட அனுப்பிடலாம். சரிதானே மேடம்?"

தலையை ஆட்டினால் முடிந்தது. ஆட்டத்தான் நினைத்தாள். நாக்கு கேட்கவில்லை.

"இல்ல சார். லாட்டரியில பரிசு விழறது லட்சத்துல ஒருத்தருக்கு. அதுக்காக, பரிசு விழுந்தவன் ஏமாத்தித்தான் ஜெயிச்சான்னு சொல்லுவோமா? எத்தனை காலேஜ், எத்தனை வகுப்பு இருக்கு. எங்கயாவது ஒண்ணு இப்படி வரத்தான் செய்யும். இதை மட்டும் வச்சு ஒருத்தரை அனுப்ப முடியாது."

"அப்போ இதை ஏன் அறிக்கையில எழுதல?"

"எழுதினா நீங்க அனுப்ப மாட்டீங்கன்னுதான் சார்."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. முதல்வர் அறிக்கையை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, வேறு சாட்சி உண்டா என்று மற்றவர்களைக் கேட்டார். இல்லை. கூட்டம் கலைந்தது.

வராந்தாவில் தாடிக்காரர் காத்திருந்தார். "ரொம்ப நன்றி மேடம். நான் அப்படிச் செஞ்சிருப்பேன்னு நீங்க நினைக்கல இல்லையா?"

வேறு யாராக இருந்தாலும் சேச்சே என்று சொல்லி நழுவியிருப்பார்கள்.

"தெரியல சார்" என்றாள்.

உள்ளே அத்தனை பேர் முன்னால் கலங்காத முகம், அதைக் கேட்டு வாடிப்போனது. அது வருத்தமா, மாட்டிக்கொண்ட பயமா என்று அப்போதும் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.